பல்லைக் காட்டுவதற்குச் சில யோசனைகள்

பல் டாக்டர் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. நாள் முழுக்க நாம் மட்டுமே பேசலாம். எதிரில் இருப்பவர் வாயில் கண்ணாடி, பஞ்சு, எச்சில் உறிஞ்சுகிற குழாய் எல்லாம் இருக்கும். அந்த நிலையில் அவரிடம் "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்போம். அவர் "ங்ஆ... ஆ..." என்பார். "ஓ, இன்ஜினியரிங்கா, நல்லது" என்று நாமே முடித்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பதினெட்டு வருஷமாக இப்படித்தான் நான் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சௌகரியம் செல்லாத இடம் ஒன்று இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஈறு பற்றிப் பேசுகிறவர், யூடியூபில் ஞானப்பல் பிடுங்குகிறவர், பிளாக்கில் ரூட் கெனால் மகாத்மியம் எழுதுகிறவர் என்று பல் டாக்டர்களெல்லாம் அவ்வப்போது சென்னையில் ஏதாவது ஒரு ஹோட்டலில் கூடுகிறார்களே, அங்கே. நான் மூன்று தடவை போய்வந்துவிட்டேன். முதல் தடவை போகிறவர்கள் என்னைப் போல் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்பதற்காக, பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

கிளம்புமுன் உங்களுக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பா அம்மா வைத்த பெயர் அங்கே போதாது. 'டூத்', 'ஸ்மைல்', 'மோலார்' இந்த மூன்றில் ஒன்றாவது அதில் இருந்தாக வேண்டும். நல்ல பெயர்களையெல்லாம் நமக்கு முன்னால் படித்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதால் கடைசியில் ஒரு கோடும் இரண்டு எண்ணும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இதெல்லாம் தெரியாமல் நான் முதல் தடவை போய் நின்றபோது, பதிவு மேஜையில் இருந்த பெண் "சார், உங்க ஹேண்டில்?" என்றது. கையில் இருந்த பையின் கைப்பிடியைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னைப் போல் இன்னும் நாலு பேரைப் பார்த்திருக்கும் போலிருக்கிறது.

டெல்டா பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் தோது. விடியற்காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். ஆனால் அதற்கு முன்னால் பெட்டியின் கைகழுவும் தொட்டியில் பல் தேய்க்க நேருமே, அங்கே எச்சரிக்கையாக இருங்கள். ஒரே பெட்டியில் இன்னொரு பல் டாக்டர் வந்துவிட்டால் தொலைந்தது. போன தடவை எனக்கு முன்னால் நின்றவர் பிரஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, மெல்ல அசைத்து, ஒவ்வொரு பல்லாக நகர்ந்தார். பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் இல்லை. பின்னால் ஒரு டாக்டர் நிற்கிறார் என்று அவருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. இரண்டு நிமிடம் முழுசாகத் தேய்த்தார். அவர் முடித்ததும் நான் மட்டும் சளைத்தவனா? நானும் 45 டிகிரி. வரிசையில் துண்டோடு நின்ற பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தாம்பரம் வந்துருச்சு. பல்லு தேய்க்கிறியா, பாலிஷ் போடுறியா?" என்று கேட்டார்.

ஹோட்டலுக்குள் நுழைந்தபின் முக்கியமான விதி, சிரிக்காதீர்கள். மற்ற தொழில்காரர்கள் கூடினால் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். இங்கே 'வணக்கம்' சொல்லும்போதே எதிராளியின் பார்வை ஒரு அங்குலம் கீழே இறங்கிவிடும். நம் முன்பல் இரண்டையும் பார்த்துக் கைகுலுக்குவார். நாமும் அவர் ஈறைப் பார்த்து நலம் விசாரிப்போம். காறை படிந்திருக்கிறதா, கேப் போட்டிருக்கிறதா, போட்டவர் யார், நிறம் பொருந்தவில்லையே என்று கண் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ஊருக்கெல்லாம் 'புன்னகை' என்று வீடியோ போடுகிற நூற்றுச் சொச்சம் பேர், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு காலை டிபன் சாப்பிடுகிற காட்சியை வேறெங்கும் பார்க்க முடியாது.

தப்பித்தவறி சிரித்துவிட்டால் "உங்க 12 லேசா திரும்பியிருக்கே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நம் ஊர்க் கணக்கில் முதல் எண் வாயின் கால்பகுதியைக் குறிக்கும், அடுத்த எண் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. ஆகவே 12 என்றால் வலப்பக்கம் மேலே, முன்பல்லுக்கு அடுத்தது. ஆனால் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பியவர் பக்கத்தில் இருந்தால், அவருக்கு எண்ணிக்கை மேல் வலது ஞானப்பல்லில் தொடங்கி ஒரே ஓட்டமாக 32 வரை போகும். அவருடைய 12 இடப்பக்கத்தில் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கிறது. "திரும்பியெல்லாம் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். இரண்டு பேரும் உங்கள் வாயைத் திறக்கச் சொல்லி வாதாடுவார்கள். நீங்கள் "ங்ஆ" என்று நின்றுகொண்டிருப்பீர்கள்.

முதல் அமர்வு பெரும்பாலும் ஒரு மார்க்கெட்டிங் தம்பியுடையது. அவருக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். முதல் மூன்று விநாடிக்குள் பார்க்கிறவரைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும் என்பார். கொக்கி என்றதும் முன்வரிசையில் பாதிப் பேருக்குச் சொத்தையைக் குத்திப் பார்க்கிற ஊசிதான் ஞாபகம் வரும். வீடியோ முப்பது விநாடியைத் தாண்டினால் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பார். இரண்டு நிமிடம் பல் தேய்க்க வேண்டும் என்பதை முப்பது விநாடிக்குள் எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "வேகமா தேய்ச்சுக் காட்டுங்க சார்" என்றார்.

எதைப் பற்றி வீடியோ போடுவது என்பதில் அவ்வளவாகக் குழப்பமில்லை. தமிழ்நாட்டுப் பல் டாக்டருக்கு விதிக்கப்பட்ட தலைப்புகள் இரண்டுதான். ஒன்று, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமா? போகாது. பார்வைக்கான நரம்பு மூளையிலிருந்து வருகிற நரம்புகளில் இரண்டாவது. பல்லுக்குப் போவது ஐந்தாவது நரம்பின் கிளை. ஒன்று மின்சாரம் என்றால் இன்னொன்று கேபிள் டிவி. அதை வெட்டினால் இது அணையாது. இரண்டாவது, பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடுமா? பல்லை ஆட்டுவது சுத்தம் செய்கிற டாக்டர் அல்ல. காறை ஈறுக்குள் இறங்கி எலும்பை ஏற்கெனவே கரைத்திருக்கும். பிடிமானம் போன பல்லை அதே காறைதான் சிமென்டு மாதிரிப் பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் உண்மை வெளியே வருகிறது, பழி நம் மேல் விழுகிறது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் இந்த இரண்டையும் பற்றி வீடியோ போட்டவர்கள். கைதூக்கச் சொன்னபோது தூக்காதவர் காபி கொண்டுவந்த பையன் மட்டும்தான்.

படம் பிடிக்கிற அமர்வில் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள், உருப்படியான விஷயம் அங்கேதான் கிடைக்கும். கன்னத்தை இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கவ்வி, வாய்க்குள் வைக்கிற நீளக் கண்ணாடி, வளைய ஃபிளாஷ், இவை வேண்டும். கண்ணாடி மூச்சுபட்டு மங்கும். அதைத் தடுக்க வெந்நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும், அல்லது உதவியாளர் காற்றூதிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியில் பிடித்த படத்தில் வலம் இடமாகிவிடும் என்பதால் போடுமுன் திருப்பிவிட வேண்டும். நான் ஒருதடவை மறந்துவிட்டேன். மறுவாரம் அந்தப் படத்தின் நாயகரே நேரில் வந்தார். "சார், வலதுபக்கம்தானே அடைச்சீங்க? படத்துல இடதுபக்கமில்ல இருக்கு. எனக்குத் தெரியாம அங்கயும் ஒண்ணு அடைச்சுட்டீங்களா? அதுக்கும் காசு உண்டா?"

'முன்பு–பின்பு' படங்களுக்கு என்று தனி சாஸ்திரம் இருக்கிறது. 'முன்பு' படத்தில் ஆள் தூக்கத்தில் எழுப்பிய மாதிரி இருக்க வேண்டும், டியூப் லைட் வெளிச்சம், பின்னால் காலண்டர். 'பின்பு' படத்தில் தலை சீவி, பொட்டு வைத்து, ஜன்னலோரம். பல்லை ஈரம் படாமல் கொஞ்ச நேரம் உலர விட்டால் நிறம் தானாகவே வெளுத்துத் தெரியும். எச்சில் ஊறியதும் பழையபடி ஆகிவிடும். வெளுக்க வைக்கிற சிகிச்சை முடிந்த கையோடு படம் எடுத்துவிட வேண்டும் என்று மேடையில் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள்.

தொழில் ஒழுக்கம் பற்றிய அமர்வை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைப்பார்கள். அது தற்செயல் என்று நினைத்தால் நீங்கள் நல்லவர். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், நோயாளிகளை நேராகவோ சுற்றிவளைத்தோ கூவி அழைக்கக் கூடாது என்கின்றன. கிளினிக் திறந்தால் சொல்லலாம், இடம் மாறினால் சொல்லலாம். செய்த சிகிச்சையைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது. இதை ஒரு மூத்த பேராசிரியர் படித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலிருந்தவர் தன் தம்பட்டத்துக்கு எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படாதீர்கள், இதற்கு ஒரு மந்திரம் இருக்கிறது. எதைப் போட்டாலும் மேலே 'விழிப்புணர்வு' என்று எழுதிவிடுங்கள். "விழிப்புணர்வு: பல் கட்டிக்கொள்ள 3000 ரூபாய் தள்ளுபடி, ஞாயிறு வரை மட்டும்" என்று ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து என்று பெரியவர்கள் யாராவது அலுத்துக்கொண்டால் எட்கர் பார்க்கர் கதையைச் சொல்லுங்கள். 1872-இல் கனடாவில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவில் பல் மருத்துவம் படித்தவர். ஊருக்குத் திரும்பிக் கிளினிக் வைத்தால் ஈ காக்கை வரவில்லை. விளம்பரம் கௌரவக் குறைச்சல் என்று சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். மனிதர் கௌரவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, பேண்டு வாத்தியமும் ஆட்டக்காரப் பெண்களுமாகத் தெருவில் இறங்கினார். பிற்பாடு ஒரு சர்க்கஸையே விலைக்கு வாங்கினார். மேடையில் பல்லைப் பிடுங்கும்போது ஆள் அலறினால் பேண்டு பலமாக ஊதும், அலறல் கூட்டத்துக்குக் கேட்காது. இன்றைக்கு ரீலுக்குப் பின்னால் ஓடுகிற பாட்டுக்கும் வேலை அதுதான். 'வலியில்லா பார்க்கர்' என்று போட்டுக்கொள்வது பொய் விளம்பரம் என்று வில்லங்கம் வந்தபோது, 1915-இல் சட்டப்படி தன் பெயரையே 'பெயின்லெஸ்' என்று மாற்றிக்கொண்டார். பெயரே அதுதான் என்றால் யார் என்ன செய்வது? ஒரே நாளில் பிடுங்கியவை என்று சொல்லி 357 பற்களைக் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். அது இன்னும் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம்முடைய ஃபாலோயர் எண்ணிக்கையை இப்படிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள முடியாது என்பது ஒன்றுதான் குறை. அந்தக் குறையையும் பதிவு மேஜையில் தருகிற அட்டையில் தீர்த்துவைத்துவிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பார்க் டவுனில் சீனப் பல் வைத்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்தவை. வாசலில் ஒரு பலகை, அதில் பல் படம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும், மொழி தெரியாதவருக்கும் புரியும். 1948-இல் வந்த பல் மருத்துவர் சட்டம், பட்டம் இல்லாமல் தொழில் செய்துவந்தவர்களையும் 'பி' பகுதி என்று தனியாகப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வழிவைத்தது. ஒரே படத்தை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று போஸ்ட் போடாமல், காலம் தள்ளியவர்கள். மார்க்கெட்டிங் தம்பி கேட்டால் நம்பமாட்டார்.

மேடையில் நேரடியாகச் செய்துகாட்டுகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1845 ஜனவரியில் பாஸ்டனில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் அதைத்தான் செய்தார். சிரிப்பூட்டும் வாயுவை மோந்தால் பல் பிடுங்குகிற வலி தெரியாது என்று கண்டுபிடித்தவர் அவர். சந்தேகமே வேண்டாம் என்று முதலில் தன் பல்லையே பிடுங்கவைத்துச் சோதித்துப் பார்த்தவர். மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் வாயுப் பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டாரோ என்னவோ, நோயாளி முனகிவிட்டான். அவ்வளவுதான், 'மோசடி' என்று ஒரே கூச்சல். பெரிதாக ஒன்றும் வலிக்கவில்லை என்று அந்த ஆளே பிறகு சொன்னான். அப்போது கேட்க யார் இருந்தார்கள்? அடுத்த வருஷம் அதே ஊரில் அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன் ஈத்தரோடு வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனார். நான் பார்த்த செய்முறையில் அப்படி விபரீதம் எதுவும் இல்லை. மைக் வேலை செய்யவில்லை, புரொஜெக்டரில் பல்லுக்குப் பதில் பேச்சாளர் வீட்டு நாய்க்குட்டி வந்தது, அவ்வளவுதான்.

தேநீர் இடைவேளைக்கு வருவோம். குலாப் ஜாமூன் வைத்திருப்பார்கள். சர்க்கரை பட்டதும் வாயில் அமிலம் ஏறி, அது தணிய அரை மணி நேரம் பிடிக்கும் என்பதும், ஒரே தடவை நிறையத் தின்பதைவிட அடிக்கடி கொறிப்பதுதான் பல்லைக் கெடுக்கும் என்பதும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே எல்லோரும் ஒரே தடவையாக நான்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஹோட்டல் தேநீரைக் குடிக்காதீர்கள். வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிரில் இருக்கிற பெட்டிக்கடைக்குப் போங்கள். இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாமல் நான் சொல்கிற யோசனை இது ஒன்றுதான். மூன்று தடவையும் நான் போன காசுக்குக் கிடைத்தது அந்தக் கடையில்தான். கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அங்கே யாருக்கும் ஹேண்டில் கிடையாது. கம்ப்ரஸர் வெடிக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறது, யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது என்று ஒருவர் கேட்டார். சேலத்துக்காரர் ஒருவர், லேப் பையன் கேப்பை மூன்றாவது தடவையாகத் தப்பாக வார்த்து அனுப்பியிருக்கிறான் என்று புலம்பினார். நாற்காலிக்கு வாங்கிய கடனுக்குத் தவணை கட்டுவது பற்றி எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

அங்கே ஒரு பெண் டாக்டர், படித்து முடித்து நாலைந்து வருஷம் இருக்கும், காலையில் மேடையில் ஏறிப் பிரமாதமாகப் பேசியவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் ஒரு 36-ல ஃபைல் உடைஞ்சிடுச்சு சார். உள்ளேயே."

கேட்டவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் டம்ளரைக் கீழே வைத்தோம். ரூட் கெனால் செய்யும்போது வேரின் குழாய்க்குள் விட்டுத் துலக்குகிற மெல்லிய கம்பிதான் ஃபைல். கீழ்க் கடவாய்ப்பல்லின் முன்வேரில் குழாய் மயிரிழை மாதிரி வளைந்திருக்கும். கம்பி உள்ளே முறிந்தால் முதுகில் வியர்க்கும், நோயாளியின் கண் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்ன பண்ணீங்க?"

"அந்த அம்மாகிட்ட எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிட்டேன். சுத்தி வழி பண்ணி அடைச்சிருக்கேன். ஆறு மாசம் பார்க்கணும்னேன். அவங்க, சரி கண்ணு, வேணும்னா செஞ்சேன்னாங்க. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை."

சேலத்துக்காரர் தனக்கு உடைந்த கதையைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது, அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருவர் தனக்கு உடைந்ததே இல்லை என்றார். நாங்கள் பேசாமல் அவரையே பார்த்தோம். டீ ஆறுவதற்குள் "இரண்டு" என்றார்.

திரும்பி ஹாலுக்குள் போனபோது 'என் நூறு வெற்றிகரமான ரூட் கெனால்கள்' என்கிற மாதிரி ஏதோ ஒரு தலைப்பு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து மும்முரமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குவார்கள். சேருங்கள், சத்தத்தை அணைத்துவிடுங்கள். குழுப் படம் எடுக்கும்போது "எல்லோரும் நல்லா சிரிங்க" என்று ஃபோட்டோகிராஃபர் மூன்று தடவை சொல்வார். பாவம், அவருக்கு விவரம் தெரியாது.

ஊர் திரும்பிய கையோடு வீடியோ ஒன்று போட்டுவிட வேண்டும், சூடு ஆறக் கூடாது என்பார்கள். நானும் போட்டேன். மேல்பல்லும் கண்ணும்தான், வேறென்ன. முதல் மூன்று விநாடியில் கொக்கி போட்டேன், இருபத்தெட்டு விநாடியில் இரண்டாவது நரம்பையும் ஐந்தாவது நரம்பையும் பிரித்துக் காட்டினேன். 214 பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் என் மனைவியின் சொந்தக்காரர்கள்.

மூன்றாம் நாள் காலையில் தாராசுரத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். மேல் கடவாய்ப்பல் வேரோடு சொத்தை, எடுத்தாக வேண்டும். நாற்காலியில் சாய்ந்ததுமே, "தம்பி, உன்னய போன்ல பார்த்தேன். பேரன் காட்டுனான். நல்லா சிவப்பா இருந்த" என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னது புரிஞ்சுதா ஆச்சி?"

"நல்லாப் புரிஞ்சுது. அதெல்லாம் ஊருக்குச் சொல்றது." கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மட்டும் உள்ளதைச் சொல்லு. கண்ணு தெரியுமா, தெரியாதா?"

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மின்சாரம், கேபிள் டிவி எல்லாம் சொன்னேன். இருபத்தெட்டு விநாடியில் முடியவில்லை, கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அவர் அக்காளின் கண் ஆபரேஷன் கதை வந்தது. மச்சினர் பல் பிடுங்கிய மறுவாரமே கண்ணாடி போட்ட கதை வந்தது. அவருக்கு அப்போது வயது அறுபத்தைந்து என்று நான்தான் கேட்டு வாங்கினேன். கடைசியில், "சரி, எடு" என்றார்.

மரத்துப்போகிற ஊசி போட்டு, கண்ணாடியை வாயில் வைத்து, பஞ்சைத் திணித்து, குழாயை மாட்டினேன்.

"பேரன் என்ன படிக்கிறான் ஆச்சி?"

"ங்ஆ..." என்றார்.